கர்ப்ப காலத்தில் காபி: தொடர்வதா, அளவு வைப்பதா, அடியோடு விடுவதா?

கர்ப்பம் உறுதியான அன்றே பல பெண்களுக்கு மனதுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிடும். நாள் தள்ளிப்போனது தெரியாமல் இருந்த வாரங்களில் எத்தனை காபி குடித்தோம், அதனால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு ஏதும் வந்துவிடுமோ என்ற கணக்கு. சுற்றி இருப்பவர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒரு வாய்கூடக் கூடாது என்பார் ஒருவர். நாங்களெல்லாம் குடித்துத்தானே பெற்றோம் என்பார் இன்னொருவர்.

எதிரே இருக்கும் வழிகள் இவை: பழையபடியே தொடர்வது, ஒரு நாளைக்கு 200 மி.கி. காஃபின் என்ற வரம்புக்குள் நிற்பது, முழுவதுமாக விட்டுவிடுவது, காஃபின் நீக்கிய காபிக்கோ டீக்கோ மாறுவது. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கும் முன், பயம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பிறவிக் குறைபாட்டை நினைத்து நடுங்கிக் காபியை விடுபவர்கள் வலுவில்லாத காரணத்துக்காக விடுகிறார்கள். குறைபாடு வராது என்று கேள்விப்பட்டுத் தாராளமாகக் குடிப்பவர்கள் பாதி உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிறவிக் குறைபாடு என்ற பயம்

இந்தப் பயம் பரவலானது 1980இல். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், கர்ப்பிணிகள் காஃபினைத் தவிர்ப்பது அல்லது குறைப்பது நல்லது என்று அந்த ஆண்டு எச்சரித்தது. அதற்கு அடிப்படை எலிகளில் நடந்த ஆராய்ச்சி. சினையான எலிகளுக்குக் குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் காஃபினைச் செலுத்தினார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 80 மி.கி. என்ற அளவை எட்டியபோது, பிறந்த குட்டிகள் சிலவற்றுக்குக் கால் விரல்கள் இல்லை. கேட்டவுடன் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் அந்த அளவை 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அப்படியே பெருக்கிப் பாருங்கள்: 4,800 மி.கி. ஏறக்குறைய 50 கோப்பை காபியை ஒரே மூச்சில் உள்ளே தள்ளுவதற்குச் சமம். அதே ஆராய்ச்சியாளர்கள் பின்னர் காஃபினைக் குடிதண்ணீரில் கலந்து வைத்து, எலிகளை அவற்றின் போக்கில் நாள் முழுக்கக் குடிக்க விட்டார்கள். அப்போது விரல் குறைபாடு தென்படவில்லை. ரத்தத்தில் திடீரென்று ஏறும் உச்ச அளவுதான் அங்கே கெடுதல் செய்திருக்கிறது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் இன்னும் தெளிவானவை. 1982இல் அமெரிக்காவில் 12,000க்கும் மேற்பட்ட தாய்மார்களின் விவரங்களை அலசிய ஆய்வில், காபி நிறையக் குடித்தவர்களுக்கு எடை குறைந்த குழந்தைகளும் குறைமாதப் பிரசவங்களும் கூடுதலாக இருப்பதுபோல் முதலில் தெரிந்தது. காபி நிறையக் குடிப்பவர்களில் சிகரெட் பிடிப்பவர்களும் அதிகம். அதைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. பிறவிக் குறைபாடுகளுக்கும் காபிக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை.

அதன் பிறகு வந்தவற்றில் பெரியது, அமெரிக்காவின் பல மாநிலங்களில் 1997 முதல் 2011 வரை பிரசவித்த தாய்மார்களைப் பேட்டி கண்ட தேசியப் பிறவிக் குறைபாட்டுத் தடுப்பு ஆய்வு. இதயக் கோளாறு, உதட்டுப் பிளவு, முதுகுத்தண்டு மூடாமை என்று ஒவ்வொரு குறைபாட்டையும் தனித்தனியே எடுத்துக் காஃபினோடு பொருத்திப் பார்த்தார்கள். சில குறைபாடுகளில் லேசான தொடர்பு தெரிந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காஃபின் கூடக்கூட ஆபத்தும் படிப்படியாகக் கூடும் போக்கு பொதுவாகத் தெரியவில்லை. ஒரு பொருள் உண்மையிலேயே குறைபாட்டை உண்டாக்குகிறது என்றால், ஒரு கோப்பை குடித்தவரைவிட நான்கு கோப்பை குடித்தவருக்குப் பாதிப்பு கூடத்தானே வேண்டும்? தவிர, பிரசவம் முடிந்த பிறகு, ‘கர்ப்பம் தரிப்பதற்கு முன் எவ்வளவு காபி குடித்தீர்கள்’ என்று கேட்டுப் பெற்ற பதில்கள் இவை. குறைபாட்டோடு பிறந்த குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் தன் நினைவைத் துருவித் துருவித் தேடுவாள். ஆரோக்கியமான குழந்தையின் தாய் அப்படித் தேட மாட்டாள். அந்த வித்தியாசமே எண்களைச் சற்று நகர்த்திவிடும்.

எனவே என் முடிவு இது: கர்ப்பம் தெரியாத வாரங்களில் வழக்கமான அளவில் காபி குடித்திருந்தால், பிறவிக் குறைபாட்டை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. காபியே தொடாத பெண்களுக்கும் பிறக்கும் குழந்தைகளில், நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேருக்கு ஏதோ ஒரு குறைபாடு இருக்கவே செய்கிறது. காபியை நினைத்துக் குற்ற உணர்வில் உருகும் தாய்மார்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

அந்தக் கவலையை வைக்க வேண்டிய இடம் வேறு. கருவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உருவாகி 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போனதே உறைக்கும். அந்தக் குழாய் சரியாக மூட உதவுவது ஃபோலிக் அமிலம். நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மார்களிடம் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய பன்னாட்டு ஆய்வின் முடிவு 1991இல் வந்தது. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு, அதே குறைபாடு மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் அனைவருக்கும் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்பது பொதுவான பரிந்துரை. முன்பு இந்தக் குறைபாடு நேர்ந்தவர்களுக்கு மருத்துவர் கூடுதலாக எழுதிக் கொடுப்பார். காபியை விட்டாயா என்று கேட்கும் வீட்டார் ஃபோலிக் அமிலம் போட்டாயா என்று முதலில் கேட்டால் அதிகப் பலன் உண்டு. மது, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், வலிப்புக்கான வால்ப்ரோயேட், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின் போன்றவைதான் பிறவிக் குறைபாட்டை உண்டாக்குவதாக உறுதியாகத் தெரிந்தவை. இந்த மருந்துகளில் எதையாவது எடுப்பவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவே கூடாது.

அப்படியானால் காஃபினைக் குறைக்கச் சொல்வது ஏன்?

குழந்தையின் எடைக்காக. அப்புறம், கருச்சிதைவைப் பற்றிய சந்தேகம் இன்னும் முழுமையாகத் தீராததால்.

காஃபினைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி உடைத்து வெளியேற்றுகிறது. கர்ப்பத்தில் அந்த நொதியின் வேகம் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போகும். சாதாரணமாகக் குடித்த காஃபினில் பாதி வெளியேற 5 மணி நேரம் ஆகும் என்றால், கடைசி மூன்று மாதங்களில் அது 15 மணி நேரம்வரை போகும். காலை 8 மணிக்கு 100 மி.கி. காஃபின் உள்ள ஒரு காபி குடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பத்துக்கு முன்பு, இரவு 11 மணிக்கு உடலில் ஏறக்குறைய 12 மி.கி. மிஞ்சியிருக்கும். எட்டாம் மாதத்தில் அதே நேரத்தில் 50 மி.கி. இருக்கும். மறுநாள் காலை அடுத்த கோப்பையைக் கையில் எடுக்கும்போது முந்தைய நாளுடையதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் உள்ளேயே இருக்கும். நாளுக்கு ஒன்றுதான் குடிக்கிறேன் என்பவருக்கும் சில நாட்களில் இது சேர்ந்து, ஒவ்வொரு காலையும் உடலில் 150 மி.கி. அளவுக்கு நிற்கும். காஃபின் நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் கடக்கும். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கோ அதை உடைக்கும் நொதி இன்னும் வரவில்லை. தாயின் உடல் வெளியேற்றினால்தான் அதற்கும் குறையும்.

எடையின் மீது இது எவ்வளவு விளைவை ஏற்படுத்துகிறது? நார்வேயில் 59,000க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வு, நாளொன்றுக்கு ஒவ்வொரு 100 மி.கி. காஃபினுக்கும் பிறப்பு எடை 21 முதல் 28 கிராம் குறைவதாகக் கண்டது. அமெரிக்காவில் 2021இல் வந்த ஆய்வு 2,055 பெண்களின் ரத்தத்திலேயே காஃபினை அளந்தது. நாளுக்கு 50 மி.கி. அளவில் குடிப்பதாகச் சொன்னவர்களின் குழந்தைகள்கூட, குடிக்காதவர்களின் குழந்தைகளைவிடச் சராசரியாக 66 கிராம் எடை குறைவாக இருந்தன. இதற்கு நேர்மாறாக டென்மார்க் ஆய்வு ஒன்று இருக்கிறது. நாளுக்குக் குறைந்தது மூன்று கோப்பை குடித்துவந்த 1,207 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான காபித்தூளும் மறுபாதிக்குக் காஃபின் நீக்கிய தூளும் கொடுத்தார்கள். 2007இல் வந்த முடிவில் இரு தரப்புக் குழந்தைகளின் எடையிலும் பேசத்தக்க வேறுபாடு இல்லை. குலுக்கல் முறை ஆய்வுக்கு மற்றவற்றைவிட நான் அதிக மதிப்புத் தருவேன். ஆனாலும் அதில் சேரும்போது பெண்கள் ஏற்கெனவே சில மாதக் கர்ப்பத்தோடு இருந்தார்கள் என்பதால், தொடக்க வாரங்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மூன்று கிலோ குழந்தைக்கு 30 அல்லது 60 கிராம் என்பது பெரிய விஷயமில்லை. ஏற்கெனவே வளர்ச்சி பின்தங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்த சிசுவுக்கு அதே 60 கிராம் வேறு கதை.

கருச்சிதைவு விஷயத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. மசக்கை கடுமையாக இருந்தால் காபி வாசனையே ஆகாது. பெரும்பாலும் நல்லபடியாக வளரும் கர்ப்பத்தில்தான் மசக்கையும் கடுமையாக இருக்கும். அப்படியென்றால், கர்ப்பம் நன்றாக இருப்பவர்கள் தாமாகவே காபியை விட்டுவிடுகிறார்கள். கர்ப்பம் சரியாக வளராமல் மசக்கை குறைந்தவர்கள் தொடர்ந்து குடிக்கிறார்கள். வெளியிலிருந்து எண்ணிப் பார்ப்பவருக்குக் காபிதான் கருவைக் கலைத்ததுபோல் தெரியும். இதையும் கணக்கில் எடுக்க முயன்ற சான் பிரான்சிஸ்கோ ஆய்வு ஒன்று, 200 மி.கி.யும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்று 2008இல் சொன்னது. 2022இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், காபியை அதிகம் நாடச் செய்யும் மரபணுக்களை வைத்துப் பார்த்தபோது அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எனக்கு, பதறவும் வேண்டாம், அளவில்லாமல் குடிக்கவும் வேண்டாம் என்றுதான் படுகிறது.

பழையபடியே தொடர்வது

நாளுக்கு ஒரு சின்னக் கோப்பை குடிப்பவர் என்றால் தொடரலாம். அவர் ஏற்கெனவே வரம்புக்குள் இருக்கிறார். மூன்று நான்கு பெரிய கோப்பை குடிப்பவருக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். நாளுக்கு 300 மி.கி.க்கு மேல் காஃபின் எடுப்பவர்கள் குறைத்துக்கொண்டால் கரு இழப்பும் எடை குறைந்த பிரசவமும் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. மற்ற விஷயங்களில் வேறுபடும் அமைப்புகளும் 300க்கு மேல் வேண்டாம் என்பதில் ஒன்றுபடுகின்றன. ஆற்றல் பானங்கள் எந்த அளவிலும் தேவையில்லை. காஃபினோடு வேறு பலவும் அவற்றில் சேர்ந்திருக்கும்.

200 மி.கி. வரம்பு

அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2010இல் சொன்னதும், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னதும் இந்த எண்தான். பிரிட்டன் 2008வரை 300 என்று வைத்திருந்து பிறகு 200ஆகக் குறைத்தது. கனடா இன்னும் 300 என்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு நான் சொல்லும் வழி 200தான். சான்றுகள் எடுத்துச்செல்லும் இடமும் அது, கடைப்பிடிக்கக்கூடியதும் அது.

சிக்கல் எண்ணில் இல்லை, கோப்பையில் இருக்கிறது. ‘இரண்டு கப்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கப் 100 மி.லி. பிடிக்குமா, 350 மி.லி. பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் தினமும் குடிக்கும் கோப்பையில் வழக்கமாக நிரப்பும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குவளைக்கு மாற்றிப் பாருங்கள். பலருக்கு அந்த எண் வியப்பாக இருக்கும். 240 மி.லி. வடித்த காபியில் ஏறக்குறைய 95 மி.கி. காஃபின் இருக்கும், உடனடிக் காபித்தூளில் கலந்தால் 60 மி.கி. சுற்றி வரும்; அதே அளவு டீயில் 40 முதல் 50 வரை; 355 மி.லி. கோலாவில் 35 மி.கி. அளவில், 50 கிராம் கறுப்புச் சாக்லேட்டில் 25க்குள். இவை சராசரிதான். தூளின் வகை, எத்தனை கரண்டி போடுகிறீர்கள், எவ்வளவு நேரம் ஊற விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரு மடங்காகவும் ஏறும். பாலில் கலந்து குடிப்பவர்கள் மொத்த அளவை விட்டுவிட்டு, உள்ளே எவ்வளவு தூளோ வடித்த சாறோ போகிறது என்று பார்க்க வேண்டும். வெளியே வாங்கும் பெரிய கோப்பைக் காபி ஒன்றே அன்றைய வரம்பை முடித்துவிடலாம்.

வரம்பு என்பது எட்ட வேண்டிய இலக்கு இல்லை. முன்னே பார்த்த கணக்குப்படி காஃபின் உடலில் தங்குவது ஆறாம் மாதத்துக்குப் பிறகு கூடிக்கொண்டே போவதால், அப்போது 100க்கு இறங்கிவிடுவது நல்லது. எந்த அமைப்பும் மாதவாரியாக இப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. உடல் வேலை செய்யும் விதத்தைப் பார்த்து நான் சொல்வது இது. இன்னொரு பலனும் உண்டு: அந்த மாதங்களில் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும் தூக்கம் சற்றுத் தேறும்.

அடியோடு விடுவது

ஐஸ்லாந்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜாக் ஜேம்ஸ், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து, கர்ப்பத்தில் பாதுகாப்பான காஃபின் அளவு என்று ஒன்று இல்லை, முழுவதும் தவிர்க்கச் சொல்ல வேண்டும் என்று 2020இல் எழுதினார். அது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் கவனிப்பு ஆய்வுகள், அவற்றில் சிகரெட், மசக்கை போன்றவற்றின் குழப்பம் தீரவில்லை என்று மற்ற மருத்துவர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் காஃபின் கர்ப்பத்துக்கு அவசியமான சத்து எதுவும் இல்லை, விட்டால் குழந்தைக்கு நஷ்டம் இல்லை என்ற அவருடைய வாதத்தை யாராலும் மறுக்க முடியாது.

சிலருக்கு இந்த வழிதான் சரி. முன்பு கருச்சிதைவு நேர்ந்தவர்கள், ஸ்கேனில் குழந்தையின் எடை குறைவாகத் தெரிபவர்கள், இதயப் படபடப்பு உள்ளவர்கள், நெஞ்செரிச்சலால் அவதிப்படுபவர்கள் எல்லாம் விட்டுவிடலாம். ‘ஒரு கோப்பை குடித்தால்கூட நாள் முழுக்க மனசு உறுத்துகிறது’ என்பவர்களும் விட்டுவிடுவது நல்லது. அந்த உறுத்தலோடு குடிக்கும் காபியில் என்ன சுகம்? மற்றவர்களை வற்புறுத்தி விடவைக்க வேண்டாம். வாந்தி, களைப்பு, ஆயிரம் கட்டுப்பாடுகளுக்கு நடுவே ஒரு பெண் ஆசையாகக் குடிக்கும் காலைக் காபியைப் பிடுங்க, இப்போதுள்ள சான்றுகள் போதாது.

காஃபின் நீக்கிய காபி, டீ

காபியின் சுவைக்கும் சூட்டுக்கும் பழகியவர்களுக்குக் காஃபின் நீக்கியது நல்ல வழி. ஒரு கோப்பையில் 2 முதல் 15 மி.கி. வரைதான் இருக்கும். காஃபினை எடுக்க மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பானைச் சில நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. அதன் மிச்சத்துக்கு அமெரிக்கச் சட்டம் பத்து லட்சத்தில் 10 பங்கு என்று வரம்பு வைத்திருக்கிறது. அதுவும் வேண்டாம் என்பவர்கள் தண்ணீராலோ கரியமில வாயுவாலோ நீக்கியது என்று உறையில் போட்டிருப்பதை வாங்கலாம்.

காபிக்குப் பதில் டீ என்று மாறுபவர்கள் இரண்டு கோப்பையை ஐந்தாக்கிக்கொண்டால் காஃபின் குறைந்தபாடில்லை. கூடவே டீயில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும். இரும்பு மாத்திரைக்கும் டீ, காபிக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு, என்னைக் கேட்டால், 200 மி.கி. கணக்கைவிட இது முக்கியம். மூலிகை டீ என்று விற்பவற்றில் காஃபின் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எல்லா மூலிகையும் கர்ப்பத்துக்கு ஏற்றதில்லை. அதிமதுரம் கலந்தவற்றைத் தவிர்ப்பது நல்லது.

குறைக்கும்போது

எந்த வழியாக இருந்தாலும் ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். கடைசிக் கோப்பை குடித்து 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கோப்பை குறைப்பது, அல்லது வழக்கமான தூளில் காஃபின் நீக்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலப்பது சுலபம்.

அந்தத் தலைவலிக்கு மாத்திரை தேடும்போது உறையைத் திருப்பிப் படியுங்கள். பாரசிட்டமாலோடு காஃபினும் சேர்ந்த மாத்திரைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. ஒன்றில் 65 மி.கி. இருக்கும், இரண்டு போட்டால் 130 மி.கி. தலைவலி சட்டென்று விடும். விட்ட காஃபின்தானே திரும்ப உள்ளே போயிருக்கிறது! பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை இந்தக் கலவையைக் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைப்பதில்லை. வெறும் பாரசிட்டமால் மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பிறகு, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்குவது, முகமும் கையும் வீங்குவது என்று ஏதாவது இருந்தால், அதைக் காபி விட்ட தலைவலி என்று எண்ணிக் காத்திருக்காமல் அன்றே ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.